அந்த அழுகை

“மொத அந்தக் கயித்தை அவுங்க. பெறகு பேசுவோம்.”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த பெண்ணை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பது வயதிருக்கும். தோளில் ஒரு துணிப்பை. மேலூர் மினிபஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தாள்.

ஊர் மந்தைத் திடலில் கரண்டு கம்பத்தோடு சேர்த்து ஓர் இளைஞனைக் கட்டியிருந்தார்கள். பெட்ஷீட் விற்க வந்த வடநாட்டுக்காரன். மூட்டை பிரிந்து, பூப்போட்ட விரிப்புகள் புழுதியில் கிடந்தன. அவனுக்குத் தெரிந்த தமிழ், “அக்கா, நல்ல பெட்ஷீட் அக்கா” மட்டும்தான். அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதுகொண்டிருந்தான்.

“யாருக்கா நீங்க?” என்றான் பாண்டிராஜ். அவன் கையில் வேப்பங்கம்பு இருந்தது.

“பேரு தமிழ்ச்செல்வி. கோச்சடையில இருந்து வாரேன். புள்ள பிடிக்கிறவன் வந்திருக்கான்னு ஒரு அம்மா அழுகுற வாட்ஸ்அப் ஆடியோ இந்தப் பக்கம் மறுபடி சுத்துதுன்னு சொன்னாங்க. அது பொய்னு சொல்லத்தான் வந்தேன். ஞாயித்துக்கெழமையானா இப்படித்தான் ஊர் ஊராப் போறேன்.”

“பொய்யா? கனகா, நீயே சொல்லு.”

இடுப்பில் குழந்தையோடு நின்ற கனகா முன்னால் வந்தாள். “எம்மகளப் பாத்துச் சிரிச்சான்க்கா. கன்னத்தத் தொட்டான். பெறகு மிட்டாய எடுத்து நீட்டுறான். எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. கத்திட்டேன்.”

“எம்புட்டு சினிமாவுல பாத்திருக்கோம்?” என்றான் பாண்டிராஜ். “மிட்டாய்ல மயக்க மருந்து வச்சுத்தான் தூக்குவாங்க.”

“அந்த மிட்டாய் எங்க?”

கனகா உள்ளங்கையை விரித்தாள். தமிழ்ச்செல்வி அதை எடுத்து, காகிதத்தைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.



“மயங்கி விழுந்தா அவர என்ன வேணாலும் பண்ணுங்க. விழலேன்னா விட்டுருங்க.” கம்பத்தை ஒட்டி, கட்டப்பட்டிருந்தவனுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “பஸ்ஸுல இருந்து எறங்குனதுமே போலீசுக்கு போன் போட்டுட்டேன். அவங்க வர்ற வரைக்கும் யாரு அடிக்கிறதா இருந்தாலும் மொத அடி எம்மேல விழணும்.”

மிட்டாய் கரைந்து முடிந்தது. அவள் கண்கள் தெளிவாகவே இருந்தன. ஓரிருவர் மெதுவாகப் பின்வாங்கினார்கள். பாண்டிராஜ் மட்டும் அசையவில்லை.

“மிட்டாய் நல்ல மிட்டாயாவே இருக்கட்டும். ஆடியோவுல அந்த அம்மா அழுததக் கேட்டீகளா?”

“கேட்டிருக்கேன்.”

“கேட்டுமா இவனுக்கு வக்காலத்து வாங்குறீக? நான் நாலு தடவ கேட்டேன்க்கா. ராத்திரி தூக்கம் வரல. எந்திரிச்சுப் போயி எம்மவ படுத்திருக்காளான்னு தொட்டுத் தொட்டுப் பாத்தேன்.” கம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தான். “பெத்த வயிறு எரியாம அப்படி அழுக வராது.”

“அந்த அழுகையக் கேட்டுட்டுத்தான் சமயநல்லூர்ப் பக்கம் கொசுவலை விக்க வந்தவர அடிச்சாங்க தம்பி. ஆறு வாரம் ஆஸ்பத்திரியில கெடந்தாரு. ஒரு கண்ணு போயிருச்சு.”

“அவரு ஒங்களுக்குச் சொந்தமா?”

“இல்ல. ஆனா தெனமும் போயி அவரு பக்கத்துல உக்காந்திருந்தேன்.”

“எதுக்கு?”

அவள் புழுதியில் கிடந்த ஒரு விரிப்பை எடுத்து உதறி மடித்தாள்.

பாண்டிராஜ் கம்பை ஓங்கித் தரையில் அடித்தான். “இதெல்லாம் பேச்சு. பொய்னா அந்தத் தாயே வந்து சொல்லட்டும். அவ வாயால கேட்டா நான் நம்புறேன். அது வரைக்கும் இவன விட மாட்டேன். எந்திரிங்க!”

“அவ சொன்னா நம்புவியா?”

“கண்டிப்பா.”

தமிழ்ச்செல்வி கண்களை மூடினாள். ஒரு நீண்ட மூச்சு. பிறகு அவள் தொண்டையிலிருந்து, அதுவரை பேசிய குரலோடு சற்றும் ஒட்டாத ஒரு கேவல் எழுந்தது.

“ஐயா... எம்புள்ளயக் காணோம்யா... இப்பத்தான்யா வாசல்ல வெளையாண்டுக்கிட்டு இருந்துச்சு... பச்சைச் சட்டைய்யா... மிட்டாய் தாரேன்னு கூப்புட்டுப் போயிட்டான்யா... ஒங்க புள்ளைகள வெளிய விடாதீக தாயி...”

 ஆடியோவில் கேட்டது வார்த்தைக்கு வார்த்தை அதேதான். ‘பச்சைச் சட்டை’ என்னும்போது அடைத்துக்கொண்ட மூச்சும் அப்படியே இருந்தது. பாண்டிராஜின் கையிலிருந்த கம்பு நழுவியது. கூட்டத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“நீங்கதானாக்கா அது!” கனகா ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது. “இம்புட்டையும் மனசுல வச்சுக்கிட்டா ஊர் ஊராத் திரியுறீக? எம்புட்டுப் பெரிய மனசுக்கா ஒங்களுக்கு! புள்ள... புள்ள கெடச்சிருச்சா?”

தமிழ்ச்செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கயிற்றின் முடிச்சில் கை வைத்தாள். யாரும் தடுக்கவில்லை.

“எனக்குப் புள்ளையே கெடையாது தாயி,” என்றாள். “ஒரு குறும்படத்துக்கு மைக் முன்னாடி நின்னு நடிச்சுக் குடுத்தேன். அந்த அழுகைய மட்டும் எவனோ தனியா வெட்டியெடுத்து ஊரெல்லாம் அனுப்பிட்டான்.”