கோழிக்கா, வண்டிக்கா?

"சீட்டுல என்ன வந்திருக்கு, சொல்லும்மா! ஜல்தி, ஜல்தி!" நடுவர் சதாசிவம் மைக்கில் அவசரப்படுத்தினார்.

அம்சவேணி சீட்டைப் பிரித்தாள். முகம் சுண்டிப் போயிற்று. 'கோழிக்கே!' என்றிருந்தது.

டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் பொங்கல் விழாப் பட்டிமன்றம். புருஷன் ஒரு அணி, பெண்டாட்டி எதிர் அணி. யாருக்கு எந்தப் பக்கம் என்பது சீட்டுப் போட்டுத்தான். இந்த வருஷத் தலைப்பு, 'மக்காச்சோளம் கோழிக்கா, வண்டிக்கா?' பெட்ரோலில் கலக்கிற எத்தனாலுக்குச் சோளத்தைக் கொடுக்கலாமா, கூடாதா என்ற சண்டை.

வேடிக்கையைக் கேளுங்கள். அம்சவேணியின் அண்ணன் வேலு பெரம்பலூரில் சோளம் போடுகிறவர். அவள் புருஷன் கருப்பசாமியின் அண்ணனுக்கோ நாமக்கல்லில் கோழிப்பண்ணை. சீட்டு இரண்டு பேரையும் பக்கம் மாற்றி உட்கார வைத்துவிட்டது!

சபை சிரித்தது. அம்சவேணிக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலு தன் சோளத்தை நாமக்கல்லுக்குக் கொடுக்காமல் எத்தனால் ஆலைக்கு விற்றார். நல்ல விலை வந்தது, விற்றார். அவ்வளவுதான். நாமக்கல் வீட்டுப் புதுமனை புகுவிழாப் பந்தியில், அத்தனை பேர் முன்னாலும், "என் கோழி வயித்துல அடிச்சவனுக்கெல்லாம் எதுக்குய்யா இலை?" என்று கேட்டுவிட்டார் நாமக்கல் அண்ணன். வேலு சாப்பிடாமல் எழுந்து போனார்.

கருப்பசாமி? குனிந்த தலை நிமிராமல் ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்!

அடுத்த மாசம் அந்த நாமக்கல் வீட்டில் கல்யாணம். வேலுவுக்குப் பத்திரிகை கிடையாதாம்.

"எங்கண்ணனை அழைக்காத கல்யாணத்துக்கு நானும் வரலைங்க" என்று சொல்லிவிட்டாள் அம்சவேணி. அதற்கும் அந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை.

இப்போது என்னடாவென்றால், முன்வரிசை நாற்காலியில் டிபன் கேரியரை வைத்து, அதில் செல்போனை மேடை பார்த்துச் சாய்த்து நிறுத்திக்கொண்டிருக்கிறார்.

"உங்க வீட்டுக்காரருக்குத் தன்னைப் படம் பிடிச்சுக்கிறதுல என்ன ஆசை பாருங்க!" என்றாள் பக்கத்து வீட்டு வத்சலா.

"வீட்டுல பேசாதவரு மைக்குல பேசப் போறாரே, வீடியோ எடுக்க வேணாமா?" என்று சொல்லிவிட்டு மேடை ஏறினாள் அம்சவேணி.

கோபமோ என்னவோ, பிய்த்து உதறினாள்.

"எத்தனால் கலந்ததுலேர்ந்து என் ஸ்கூட்டர் மைலேஜ் குறைஞ்சு போச்சு. பழைய வண்டியில ரப்பர் குழாயெல்லாம் கெடுதுன்னு மெக்கானிக்கு வேற புலம்புறாரு. அதுகூடப் பரவாயில்லை. வண்டியை ஒரு நாள் நிறுத்தி வைக்கலாம், கோழியை நிறுத்தி வைக்க முடியுமா? விடிஞ்சா பசிக்குதுன்னு கத்துமே! நாமக்கல்ல எங்க பெரிய மாமா, அதான் இவரோட அண்ணன், தீனி விலை கட்டுப்படியாகாம ஒரு ஷெட்டையே காலி பண்ணினாரு. அன்னிக்கு அந்த வீட்டுல யாரும் சாப்பிடலை."

இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்து கருப்பசாமி. "எதிரணித் தலைவி அவர்களே, எங்க வீட்டுக்கும் தலைவி அவர்களே!" என்று ஆரம்பித்தார். ஒரே சிரிப்பு.

"வெளிநாட்டு எண்ணெய்க்குக் கொட்டுற காசுல கொஞ்சம் நம்ம ஊர்ச் சோளக்காட்டுக்கு வருது. எத்தனாலுக்குக் கரும்பும் போடலாம், ஆனா அதுக்கு வேணுங்கிற தண்ணி சோளத்துக்கு வேணாம். எத்தனால் இறக்கின சக்கையும் தீவனமாத் திரும்பி வருது."

"அந்தச் சக்கையை மட்டும் தின்னுட்டு எந்தக் கோழியும் முட்டை போடாது!" அம்சவேணி உட்கார்ந்த இடத்திலிருந்தே வெட்டினாள். விசில் பறந்தது.

கருப்பசாமி தண்ணீர் குடித்தார். குரல் மாறியது.

"பெரம்பலூர்ல எங்க மச்சான் வேலு. சோளத்துல படைப்புழு விழுந்து அவரு காடே அழிஞ்ச வருஷம், எப்படிய்யா இருக்கேன்னு எங்க வீட்டுல யாரும் கேட்கலை. நானும் கேட்கலை. முதல் தடவையா நல்ல விலை வந்துச்சு, வித்தாரு. அதுக்காக அவரைப் பந்தியிலேர்ந்து எழுப்பி விட்டது தப்பு. அதைப் பார்த்துக்கிட்டு நான் தலையைக் குனிஞ்சு சாப்பிட்டது அதைவிடப் பெரிய தப்பு."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. "நல்ல சோளம் கோழிக்கு, கெட்டுப்போன சோளம் வண்டிக்கு!" என்று தீர்ப்புச் சொல்லி, எல்லாரையும் டீ குடிக்க அனுப்பினார் சதாசிவம்.

அம்சவேணிக்குப் பெருமை பொங்கியது. ஆனால் அதற்கு மேல் ஆத்திரம்.

"ஏங்க, சீட்டு விழுந்தாத்தான் வாய் திறப்பீங்களோ? இதை உங்கண்ணன் முன்னாடி பேசியிருக்கணும். டெல்லியில நின்னு ஒரு போனுக்கு முன்னாடி பேசி என்ன பிரயோஜனம்?"

வீடியோவை நிறுத்தப் போனை எடுத்தாள்.

"நிறுத்தாதே அம்சா, லைன்ல இருக்காரு!" என்றார் கருப்பசாமி.

திரையில் ஒரு முகம். பின்னால் கோழிகளின் கொக்கரிப்பு. ஒரு மணி நேரமாக வீடியோ காலில் இருந்த நாமக்கல் பெரிய மாமா, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அம்சவேணி புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துப் பார்த்தாள். 'என் வீட்டுக்காரரு!' என்று அந்த ஹால் முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும்போல் இருந்தது.

"அம்மிணி..." போனில் குரல் தழுதழுத்தது. "நாளைக்குப் பத்திரிகையோட பெரம்பலூர் போறேன். மத்தியானம் எனக்கும் ஒரு இலை போடச் சொல்லி உங்கண்ணன்கிட்டக் கேளும்மா."