அடிக்காத மணி

ஐம்பத்தைந்து வயதிலேயே வேலையை விட்டுவிட்டு, அசலில் கைவைக்காமல் கம்பெனிப் பங்குகள் தரும் டிவிடெண்டிலேயே வாழ்கிறவன் ஹார்லன். ஒஹாயோ முதியோர் இல்லத்தில் அக்கா லொரெய்னைப் பார்க்க வந்தவனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"படுக்கையெல்லாம் நனைஞ்சு கெடக்கே. மணி அடிச்சு நர்ஸக் கூப்பிட்டிருக்கலாம்லக்கா?"

"மாடிக்கே ஒரு பொண்ணுதாண்டா. மத்தவங்கள நிறுத்திட்டாங்க."

"ஆளக் குறைச்சுக் காசு பாக்குற முதலாளி எவன்? புகார் குடுக்குறேன்."

"வேண்டாண்டா. தேங்க்ஸ்கிவிங் விருந்துல வான்கோழிய வெட்டிக்கிட்டே, நீ பங்கு வச்சிருக்கிற ஒரு கம்பெனியப் புகழ்ந்தியே, செலவக் குறைச்சு டிவிடெண்ட ஏத்திட்டான்னு. இந்த இல்லம் அவங்களோடதுதான்."

ஹார்லனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஆள் பத்தலன்னு தெரிஞ்சு திரும்ப ஆள் போட்டா உன் வரும்படி கொறைஞ்சிடுமேன்னுதான் நான் மணியே அடிக்கிறதில்ல."