டவர் வந்த சாயங்காலம்

புயல் அடித்து ஆறாம் நாள் சாயங்காலம் டவர் வந்தது. மைக் செட் சிங்காரவேலுவின் ஜெனரேட்டரில் சார்ஜுக்குக் கிடந்த தெருவின் செல்போன்கள் மொத்தமும் ஒரே நேரத்தில் அலறின. எந்தக் கல்யாணப் பந்தலிலும் அவர் அப்படியொரு சத்தத்தைக் கேட்டதில்லை. ஜனங்கள் ஓடிவந்து அவரவர் போனைப் பொறுக்கிக்கொண்டு அழுதபடியும் கத்தியபடியும் பேசினார்கள். மேசையில் ஒன்று மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அது அடுத்த வீட்டு அய்யாக்கண்ணுவுடையது. முந்தாநாள் காலையில் அதைச் சார்ஜில் போட்டுவிட்டு, தன் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து நின்ற பூவரசை வெட்டப் போனார். மரம் வீட்டை விட்டுவிட்டு அவர்மேல் இறங்கியது. உடலை வைக்க ஐஸ் பெட்டி கிடைக்கவில்லை. சாலையெல்லாம் மரம் கிடக்க, திருப்பூரில் இருக்கும் ஒரே மகளுக்கு ஆள் அனுப்பவும் வழியில்லை. நேற்று தெருவே சேர்ந்து அவரை எரித்துவிட்டது.

திரையில் ‘பாப்பா’ என்றிருந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனை இறக்கிவிட்டு மேசைப் பக்கம் வந்தார்கள்.

“எடுங்கண்ணே,” என்றாள் எதிர்வீட்டு மலர்க்கொடி. “நீங்கதான கொள்ளி வச்சீங்க.”

சிங்காரவேலு ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தார். அவர் வாய் திறக்குமுன் அந்தப் பக்கம் பொரிந்தது.

“என்னப்பா நீ! ஆறு நாளா உசுரக் கையில புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். வீட்டுக்கு ஒண்ணும் ஆவலல்ல?”

அவர் திரும்பிப் பார்த்தார். ஓர் ஓடுகூட நகராமல் நின்றது அந்த வீடு.

“வீட்டுக்கு ஒண்ணும் ஆவல, பாப்பா,” என்றார்.