பைகளுக்குக் காவல்

"அத்தை, நீங்க இறங்க வேண்டாம். இங்கேயே உக்காந்து பைகளைப் பாத்துக்கோங்க."

மருமகள் சொன்னது பஸ்ஸின் கடைசி வரிசை வரை கேட்டது. தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கத் தயாரானவர்கள் அப்படியே நின்றார்கள்.

இரண்டு மலைகளுக்கு நடுவில், செங்குத்தான இடுக்கில் ஓடும் ஆறு அது. சுற்றுலா விளம்பரத்தில் அதன் படம்தான் பெரிது. பாறை விளிம்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மேடையில் போய் நின்றால், காலுக்குக் கீழே கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே காற்று, அதற்கும் எங்கோ கீழே நூல் மாதிரி ஆறு.

"என்ன பேசுற நீ?" என்றான் கணவன். "அம்மா இதைப் பாக்கத்தானே வந்தாங்க?"

"முதல் நாள் ஓட்டல்ல ஒரு பை காணாமப் போச்சே, மறந்துட்டீங்களா? யாராவது ஒருத்தர் இருக்கணும்."

"அந்த யாராவது நீயா இருக்கக் கூடாதா?" பின் இருக்கையிலிருந்து நாத்தனார் எழுந்தாள்.

"நானும் பாக்கணும் அண்ணி. எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?"

டிரைவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் கேட்காமலேயே உதவிக்கு வருவார்கள். அவர்களிடம் உள்ள ஒரே தொல்லை அதுதான்.

"வண்டியைப் பூட்டிட்டு நான் வாசல்லயே நிக்கறேன்மா. ஒரு குண்டூசி போகாது. பெரியம்மாவும் போய்ப் பாத்துட்டு வரட்டும்."

"உங்க பூட்டை நம்பி நான் விடமாட்டேன்."

டிரைவரின் முகம் சுருங்கியது. அத்தோடு, பஸ்ஸில் அவளுக்கு இருந்த கடைசி ஓட்டும் போயிற்று.

மாமியார் லேசுப்பட்டவர் இல்லை. பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸில் ஏறிய அன்றே 'விசில் டீச்சர்' என்று பெயர் வாங்கியிருந்தார். இன்று காலைகூட, நீச்சல் குளத்தைக் கண்டு நடுங்கிய பெண்களை எப்படிப் பிடித்துத் தள்ளினார் என்று கதை சொல்லிக்கொண்டிருந்தார். "பயமா? அது எந்தக் கடையில விக்குது?" என்று கேட்டு பஸ்ஸையே சிரிக்க வைத்தார்.

அப்படிப்பட்டவர், மருமகளின் ஒரு சொல்லுக்கு அடங்கி, சால்வையைப் போர்த்திக்கொண்டு பைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார்.

"போங்கப்பா, எல்லாரும் சந்தோஷமாப் பாத்துட்டு வாங்க. எதுக்கும் கொடுத்து வைக்கணுமே!"

முன்வரிசையில் இரண்டு பேர் 'ச்சு' கொட்டினார்கள்.

மேடையில் கூட்டம் நெரிந்தது. ஆனால் மருமகள் நின்ற பக்கம் மட்டும் இடம் தாராளமாக இருந்தது.

ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர் ஆற்றிடம் சொல்வதுபோல் மனைவியிடம் சொன்னார்: "மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமாம். அதை எழுதின ஆளு நம்ம பஸ்ல வந்ததில்லை!"

பழமொழியை யாரும் எழுதுவதில்லை. ஆனால் வக்கீலைத் திருத்த அது நேரமில்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

நாத்தனார் நெருங்கி வந்தாள். "இதோ பாரு. ஊர் திரும்பினதும் அம்மா என் வீட்டுக்கு வந்துடுவாங்க. நாலு பேர் முன்னாடியே இப்படின்னா, நாலு சுவத்துக்குள்ள என்ன நடக்குதோ!"

"அக்கா சொல்றதுல தப்பில்லை" என்றான் கணவன். மனைவியின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

மருமகள் வேலை முடிந்து வரும்போது கதவைத் திறந்துவிட்டு, "இன்னிக்கு உன் ஆபீஸ்ல யாரு யாரோட சண்டை?" என்று கேட்க அந்த வீட்டில் அத்தையைத் தவிர ஆள் கிடையாது.

"அத்தை வர்றேன்னு சொன்னா நான் தடுக்க மாட்டேன்" என்றாள். அதன் பிறகு அவள் ஆற்றைப் பார்க்கவே இல்லை.

பஸ்ஸுக்குத் திரும்பியதும் நாத்தனார் நேராக அம்மாவிடம் போனாள். "நீ பட்டது போதும்மா. என்னோட வந்துடு. தலையில வச்சுத் தாங்கறேன்."

"உன் வீட்டு ஜன்னலைத் திறந்தா மேகம்தான்டி தெரியுது. எனக்குத் தெருவுல போற மனுஷ முகம் தெரியணும்."

"அதுக்காக இவகிட்ட பேச்சு வாங்கிக்கிட்டே இருப்பியா?"

"வாங்கினா என்ன? என் மருமகதானே? நான் எங்கேயும் வரலை."

பஸ் உருகிவிட்டது. "என்ன ஒரு பெரிய மனசு!" என்றார் வக்கீல். யாரோ கைதட்டினார்கள். விசில் டீச்சர் அதைக் கூச்சமில்லாமல் ஏற்றுக்கொண்டார். தவறவிட்ட காட்சியைக் காட்ட நாலைந்து செல்போன்கள் நீண்டன. "அப்புறம் பாக்கறேன்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாவம், மனசு வலிக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது.

வண்டி கிளம்பியது. கணவன் கோபமாக வேறு இருக்கைக்குப் போய்விட்டதால், மருமகள் அத்தையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாம் என் தலையெழுத்து!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்ன மாமியார், சால்வைக்கு அடியில் மருமகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். மாமியாரின் உள்ளங்கை இன்னும் சில்லென்று வியர்த்திருந்தது.

பிறகு, இருமுவது போல் வாயை மறைத்துக்கொண்டு அவள் காதருகே குனிந்து கிசுகிசுத்தார்: "நாளைக்குத் தொங்கு பாலமாம் கண்ணு. மேல நின்னு கீழ பாத்தா எனக்கு உயிரே போயிடும்னு உனக்கு மட்டும்தானே தெரியும்? காலையிலயே இன்னும் கொஞ்சம் சத்தமாத் திட்டிடு!"