குறட்டை மாமா

"பச்சப்புள்ள தொண்டை வறள வாசிக்கிறா. அந்த மனுஷன் பாரு, குறட்டை விட்டுத் தூங்கறார். கொஞ்சமாவது மரியாதை வேணாமா?"

அப்பாவுக்கு டீ கொண்டுவந்த அத்தை, சலூன் வாசலில் நின்று பொரிந்து தள்ளினாள்.

உள்ளே நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு சாய்ந்து கிடந்தவர் பஸ் கண்டக்டர். பக்கத்து ஸ்டூலில் இங்கிலீஷ் புத்தகத்தோடு மைனா.

"விடுக்கா. நாள் பூரா நின்னுட்டே டிக்கெட் கிழிக்கிறவர். அலுப்பு இருக்காதா?" என்றார் அப்பா, கத்தியைத் துடைத்துக்கொண்டே.

மைனா என்பது வீட்டில் வைத்த செல்லப்பேர். வீட்டுக்குள் அவள் வாய் ஓயாது. வெளி ஆள் ஒருத்தர் காது கொடுத்தால் போதும், நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். போன தடவை இங்கிலீஷ் வாய்மொழித் தேர்வில் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி பத்து நிமிஷம் சிலையாக நின்றாள். முட்டை மார்க். இந்தத் தடவையும் அப்படித்தான் என்றால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வேண்டியதுதான் என்று பள்ளிக்கூடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"ஆளுங்க முன்னாடி வாசிச்சுப் பழகினா எல்லாம் சரியாயிடும்" என்று அப்பா அவளைச் சாயங்காலமானால் கடைக்குக் கூட்டி வந்தார்.

கூட்டி வந்து என்ன பிரயோஜனம்? முடி வெட்ட வந்தவர்கள் எல்லாம் வாத்தியார் ஆகிவிட்டார்கள். அவள் 'வெட்னெஸ்டே' என்றதும், "வென்ஸ்டேம்மா" என்றார் ஒருவர். "யார் சொன்னது? நாங்க படிக்கறப்ப வெடன்ஸ்டேதான்" என்றார் இன்னொருவர். பாதி வெட்டின தலையோடு அவரும், காத்திருந்த இவரும் புதன்கிழமைக்காக மல்லுக்கு நிற்க, மைனா புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் கண்டக்டர் வந்தார். அவளை ஒரு பார்வை பார்த்தார். ஷேவிங்குக்கு உட்கார்ந்தார். அப்பா நுரை பூசி முடிப்பதற்குள் குறட்டை கிளம்பிவிட்டது.

மைனா மெதுவாகப் புத்தகத்தை இறக்கினாள். தூங்குகிறவரிடம் என்ன வெட்கம்? விட்ட இடத்திலிருந்து பிடித்து, ஒரு பக்கம் முழுசாக வாசித்து முடித்தாள். அவளுக்கே நம்ப முடியவில்லை.

மறுநாளிலிருந்து அப்பா மற்றவர்களை வெளி பெஞ்சில் உட்கார வைத்தார். டூட்டி முடிந்து ஐந்து மணிக்குக் கண்டக்டர் வந்துவிடுவார். நேற்று மழித்த மோவாயைத் தடவி, "மறுபடி வளந்துருச்சுப்பா" என்று சாய்வார். அப்பாவின் கத்தி கன்னத்திலும் கழுத்திலும் இறங்கும், குறட்டை ஒரு பக்கம் போகும், "கோ, வென்ட், கான்" இன்னொரு பக்கம் போகும். மைனா எங்காவது தடுமாறி நின்றால் குறட்டை இன்னும் பலமாகும். அந்தத் தைரியத்தில் அவள் மேலே போவாள்.

நிஜமாகவே தூங்குகிறாரா என்று ஒரு நாள் சோதித்தும் பார்த்தாள். பாடத்தின் நடுவே அதே ராகத்தில், "இந்த மாமா தொப்பையில ரெண்டு பஸ்ஸை நிறுத்தலாம்" என்று செருகினாள். அப்பா சிரிப்பு தாங்காமல் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். கண்டக்டர் அசையவே இல்லை.

அந்த மனுஷனைத்தான் அத்தை இப்போது வைதுகொண்டிருந்தாள்.

"தூங்கறவருக்கு வாசிச்சுக் காட்டறது ஒரு பயிற்சியா? நாளைக்குப் பரீட்சை. பரீட்சை வைக்கிற டீச்சரும் தூங்கவா போறாங்க?"

மைனா புத்தகத்தை மூடிவிட்டாள்.

மறுநாள் டீச்சர் தூங்கவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவளையே பார்த்தார்.

"ம், வாசி."

நாக்கு பழையபடி மேலே ஒட்டிக்கொண்டது. அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. போச்சு, இன்னொரு வருஷம் என்று நினைத்து மைனா கண்ணை மூடினாள். மூடியதும் அந்த நுரை முகம்தான் முன்னால் வந்தது. கூடவே குறட்டையும் கேட்கிற மாதிரி இருந்தது. அந்த முகத்துக்கு முதல் வரியை மனப்பாடமாகச் சொன்னாள். கண்ணைத் திறந்து இரண்டாவது வரியை வாசித்தாள். கேள்விகளுக்குத் திக்கித் திக்கித்தான் பதில் சொன்னாள், ஆனால் சொன்னாள்.

இருபத்தைந்துக்குப் பதினேழு.

பையைக்கூட இறக்காமல் சலூனுக்கு ஓடினாள். அப்பா அவள் தலையைப் பிடித்து ஆட்டினார். அத்தைதான் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"எல்லாம் உன் கெட்டிக்காரத்தனம்டீ. அந்தத் தூங்குமூஞ்சியால நமக்கு என்ன ஆச்சு?"

"இல்ல அத்தை, அவராலதான். அவர் முழிச்சுட்டு இருந்திருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். பாவம், ரெண்டு மாசமா அவர் எனக்கு எவ்வளவு பெரிய உதவி பண்ணியிருக்கார்னு அவருக்கே தெரியாது."

மணி ஐந்தாகப் போகிறது. அப்பா கத்தியில் புது பிளேடைச் செருகினார்.

"இருபத்திரண்டு வருஷமா இந்தத் தொழில் பண்றேன், மைனா" என்றார். "கண்ணசந்த ஆளைத் தட்டி எழுப்பாம, கழுத்துல நான் கத்தி வெச்சதே இல்ல."