லட்சணமான நிறங்கள்

திரையில் யாஸ்னாவின் பெயருக்குக் கீழே சாம்பல் நிறம் வந்து நின்றது. முதலில் கண் கலங்கியது டாலிபோருக்குத்தான்.

நோவி சாத் கிளையில் மேலாளரைத் தவிர மொத்தமே ஆறு பேர். ஒருவரை வேலையை விட்டு அனுப்பச் சொல்லி பெல்கிரேடு தலைமையகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அந்தப் பாவத்தைத் தன் தலையில் சுமக்க மேலாளர் ஸ்லாவ்கோவுக்கு மனசில்லை.

“டாலிபோர் ஒரு வழி சொல்றான்” என்றார் அன்று காலையில். “அவனோட ஷாராவே முடிவு பண்ணட்டும். ஆளுக்கு ஒரு தடவை அமுக்குங்க. சாம்பல் வந்தவங்க கிளம்பணும். யாருக்குமே வரலைன்னா மேலிடத்துல நான் பேசிக்கறேன், ஆறு பேரும் இருங்க.”

கேட்க நியாயம் மாதிரித்தான் இருந்தது.

ஷாரா, டாலிபோர் எழுதி உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்த கணினி நிரல் தொகுப்பு. அமுக்கினால் ஏதோ ஒரு நிறம் வரும், எது வந்தாலும் கண்ணுக்கு லட்சணமாக இருக்கும். அந்த லட்சணத்துக்காக இரண்டு குளிர்காலம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, “இது சேறு, தூக்கு. இது பாத்திரம் கழுவின தண்ணி, தூக்கு” என்று கழித்துக் கட்டியவள் யாஸ்னா. பேரெல்லாம் அவனுக்குப் போனது.

“வேலையை வச்சு சூதாட்டமா? நல்லாருக்கு” என்று முணுமுணுத்தாள் அந்த ஆறு பேரில் ஒருத்தியான வுகிட்சா.

யாஸ்னாதான் முதலில் சரி என்றாள். கணவனுக்கு வேலை போய் எட்டு மாதம்; வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. இருந்தும் டாலிபோரைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தாள். முன்பு ஒருமுறை, சனிக்கிழமை வேலைக்கு வர முடியாது என்று ஸ்லாவ்கோவிடம் முகத்துக்கு நேராகச் சொன்னவளும் அவள்தான். துணிச்சல்காரி என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஐந்து பேருக்கு மஞ்சளும் நீலமும் பச்சையுமாக வந்தது. கடைசியாக அமுக்கியது அவள்.

மூக்கை உறிஞ்சியபடி அவள் பெட்டியை லிஃப்ட் வரை தூக்கி வந்தான் டாலிபோர். “எல்லாம் தலையெழுத்து, யாஸ்னா. எனக்குக்கூட வந்திருக்கலாம்.”

“வீட்டுலயும் அப்படியே சொல்லிக்கறேன்” என்று பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

லிஃப்ட் திறந்தது. உள்ளே போய்த் திரும்பி நின்று அவன் முகத்தைப் பார்த்தாள்.

“ஷாராவுலேருந்து சாம்பலை முதல் நாளே தூக்கிட்டோமேடா. அந்த தைரியத்துலதான் சரின்னேன்.”