நான்காவது வீரன்

'என் திரையில் மட்டும் ஏன் நான்கு பேர்?'

அரீபா இதை யாரிடமும் கேட்கவில்லை. தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்த விண்வெளித் துப்பாக்கி விளையாட்டின் இரண்டாம் பாகம் அது. கூட வரும் வீரர்கள் மூவர் என்றுதான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். முதலியார்பேட்டை வீட்டிலிருந்து ஓர் இணையதளத்துக்கு அவள் எழுதும் முதல் பெரிய விமர்சனம் இது. கடைசிவரை ஆடாமல் அவள் எதையும் எழுதுவதில்லை.

தெருப் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது. முக்காட்டை இழுத்துவிட்டு, விளையாட்டின் சத்தத்தை அறவே நிறுத்தினாள். மூன்று வீரர்கள் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். நான்காமவன் துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு அமைதியாக நின்றான். பாங்கு முடிந்ததும் எடுத்துக்கொண்டான். நேற்றும் அப்படித்தான் செய்தான்.

கடைசிக் கட்டம் வந்தது. ஒருவரை வெளியே விட்டுக் கதவை மூடினால்தான் கப்பல் புறப்படும். யாரை விடுவது என்று அவள் யோசிப்பதற்குள் நான்காமவன் தானாகவே வெளியே போய் நின்றுகொண்டான்.

இணையதளத்தின் ஆசிரியர் துர்கா போனில் அழைத்தாள்.

"முடிச்சிட்டியாடி? சாயங்காலம் போட்டாவணும்."

"ஒருத்தன வெளிய வுட்டுக் கதவ மூடணுமாம்க்கா."

"மூடேன்! பிரியாணி துன்னும்போது ஆட்டுக்கு இவ்ளோ பாவம் பாத்தியா நீ? இன்னிக்கி வரலன்னா அடுத்த கேம வேற ஆளுக்குக் குடுத்துடுவேன், சொல்லிட்டேன்."

திரையில் அவன் தலைக்கவசத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

அரீபா கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தாள்.

"வேற ஆளுக்கே குடுங்கக்கா," என்றாள். "நான் மூட மாட்டேன்."